மூன்று பதக்கங்கள், நான்கு சென்டிமீட்டர்

மாற்றுத்திறனாளிகளுக்கான பாரிஸ் பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் வெண்கலம் வென்ற மறுநாள் காலையில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான் அதிகம் கேட்ட சொல் "அடடா" என்பதுதான். வாழ்த்தியவர்கள்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் வாழ்த்தினார்கள். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று விரல் மடக்கி எண்ணிய எங்கள் தெருத் தேநீர்க் கடைக்காரர், "இறங்குமுகந்தான் போல" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார். கடையில் இருந்த ஒருவரும் அதை மறுக்கவில்லை. ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டி என்ற சிற்றூரில் பிறந்த ஒருவர், தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்ற காலையில், அவருடைய சொந்த மாவட்டமே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பெருமைப்படுவதில் நமக்குக் குறைவில்லை. எதற்காகப் பெருமைப்படுகிறோம் என்பதை அளந்து பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2016-இல் ரியோ டி ஜெனிரோவில் மாரியப்பன் தாண்டிய உயரம் 1.89 மீட்டர். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர். 2024 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் 1.85 மீட்டர். முதல் பதக்கம் வாங்கியபோது அவருக்கு வயது 21; மூன்றாவதை வாங்கியபோது 29. அந்த எட்டு ஆண்டுகளில் அவர் இறங்கியது மொத்தமே நான்கு சென்டிமீட்டர். அதே காலத்தில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ரியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கிய அமெரிக்கர் சாம் க்ரூ, டோக்கியோவில் 1.88 தாண்டித் தங்கம் எடுத்தார். பாரிஸில் எஸ்ரா ஃப்ரெச் என்ற இன்னோர் அமெரிக்கர் அதை 1.94 மீட்டருக்குக் கொண்டுபோய்விட்டார். அதாவது நம்மவர் நான்கு சென்டிமீட்டர் இறங்கிய காலத்தில் தங்கத்தின் விலை ஐந்து சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. ரியோவில் தாண்டிய அதே 1.89 மீட்டரை மாரியப்பன் டோக்கியோவில் தாண்டியிருந்தால் தங்கம். பாரிஸில் தாண்டியிருந்தால் வெள்ளி. இதில் இறங்குமுகம் எங்கே இருக்கிறது என்று தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் தங்கம் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அது வேறு கதை.

இன்னொரு செய்தியும் அந்தக் கடையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாரிஸுக்குச் சில மாதங்களுக்கு முன்னால், 2024 மே மாதத்தில், ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பாரா தடகளச் சாம்பியன்ஷிப்பில் 1.88 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர் இதே மாரியப்பன்தான். வீழ்ந்துகொண்டிருப்பதாக நாம் முடிவு கட்டிய மனிதர் உலகச் சாம்பியனாகத்தான் பாரிஸுக்கு விமானம் ஏறினார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விழித்துக்கொள்ளும் நாட்டுப்பற்றுக்கு நடுவில் நடப்பது எதுவும் காதில் விழுவதில்லை.

1.85 மீட்டர் என்றால் எவ்வளவு என்பது எண்ணைப் படித்தால் மட்டும் விளங்குவதில்லை. எங்கள் சித்தப்பாவுக்குச் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது அளவு நாடாவை எடுத்து, நிலைக்கதவுக்கு மேலே கட்டையில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தேன். பழைய காலத்து வாசல். உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். நாடாவில் 1.85 மீட்டருக்கு நான் விரலை வைத்த இடம், கட்டையையும் தாண்டி, விநாயகர் படம் மாட்டியிருக்கும் ஆணிக்குச் சற்று மேலே போய் நின்றது. ஆறடிக்கும் மேலே ஒரு விரற்கடை. பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் எழுந்து வந்து, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் தலை அதற்கு ஒரு சாண் கீழே இருந்தது. "ரெண்டு காலும் நல்லா இருக்கிறவங்களே இதைத் தாண்டுறது லேசில்லண்ணா" என்றான். அவன் பள்ளியில் உயரம் தாண்டுதலில் கலந்துகொண்டவனாம். அன்றைக்கு அங்கே மாரியப்பனைப் பற்றிச் சரியாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

அந்தக் காலைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஐந்து வயதில் பேருந்து ஏறி அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அவருடைய தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் உடற்கல்வி ஆசிரியர். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடம் போய்ச் சேர்ந்தார். இவ்வளவும் நாளிதழ்களில் பலமுறை வந்ததுதான். என் குறை என்னவென்றால், எந்தச் செய்தியை எடுத்தாலும் பேருந்து முதல் பத்தியில் வருகிறது, உயரம் ஐந்தாம் பத்தியில் வருகிறது. ஊனத்தை வென்றார், விதியை வென்றார் என்று எழுதுகிறோம். ரியோவில் அவர் வென்றது விதியை அல்ல. சாம் க்ரூவையும் வருண் சிங் பாட்டியையும் மற்றப் போட்டியாளர்களையும். தோற்றவர்களும் அதேபோல ஒரு காலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள்தான் என்பதை மறந்துவிட்டால் அந்த 1.89 மீட்டருக்கு மதிப்பே இல்லாமல் போய்விடுகிறது. இரக்கத்தில் பிறக்கும் பெருமை எனக்கு ஒட்டவில்லை.

டோக்கியோ இறுதிப் போட்டி மழையில் நடந்தது. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டதால் தாண்டச் சிரமமாக இருந்தது என்று போட்டி முடிந்த பிறகு மாரியப்பனே சொன்னார். 1.86-ஐத் தாண்டியாயிற்று, அடுத்து 1.88-க்குக் கம்பை ஏற்றினார்கள். ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் கம்பு விழுந்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் நின்றது ஓர் ஈரக் காலுறையும் இரண்டு சென்டிமீட்டரும். இந்த இடத்தில்தான் ஊர் "அடடா" என்று சொல்லியிருக்க வேண்டும். இதில் மனம் வருந்தினால் அது ஆட்டத்தைப் பார்த்த வருத்தம். ஆனால் அன்றைக்கு நாம் வருந்தியது தங்கம் போய்விட்டதே என்றுதான்.

வெற்றி மேடையைப் பற்றி ஒரு விஷயம். ரியோவில் முதலிடத்தில் மாரியப்பன், இரண்டாமிடத்தில் க்ரூ, மூன்றாமிடத்தில் வருண் சிங் பாட்டி. டோக்கியோவில் க்ரூ, மாரியப்பன், சரத் குமார். பாரிஸில் ஃப்ரெச், சரத் குமார், மாரியப்பன். மூன்று பாராலிம்பிக்கிலும் இந்தப் போட்டியின் மேடையில் நின்றவர்கள் ஓர் அமெரிக்கரும் இரண்டு இந்தியர்களும். வேறு எந்த நாட்டுக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. பாரிஸில் நான்காம் இடத்துக்கு வந்த சைலேஷ் குமாரும் இந்தியர்தான். ஒரு குறிப்பிட்ட போட்டியில் எட்டு ஆண்டுகளாக ஒரு நாடு இப்படிக் காலூன்றி நிற்பது நம் தடகள வரலாற்றில் எத்தனை முறை நடந்திருக்கிறது? மாரியப்பனை முந்திக்கொண்டு பாரிஸில் வெள்ளி வாங்கிய சரத் குமார் பீகாரில் பிறந்தவர். நம் ஊர்க்காரருக்கு ஒரு படி குறைந்தது இன்னோர் இந்தியரால்தான் என்றால், நாட்டுப் பெருமை பேசுகிறவர் அதில் பாதி மகிழ்ச்சியாவது அடைய வேண்டாமா? சேலத்தில் சரத் குமாரின் பெயரைச் சொன்னால் நடிகரைத்தான் நினைக்கிறார்கள்.

இனிப் பதக்கத்துக்கு வருகிறேன். வெள்ளித் தொழிலில் பிறந்தவன் அதைப் பேசாமல் இருக்க முடியாது. தங்கப் பதக்கம் என்பது பெயருக்குத்தான் தங்கம். ஒலிம்பிக் விதிப்படி முதலிடப் பதக்கத்தில் நூற்றுக்கு 92.5 பங்காவது வெள்ளி இருக்க வேண்டும்; தங்கம் மேலே பூசும் முலாம் மட்டுமே, அதுவும் ஆறு கிராம் அளவுக்கு. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "அப்ப தொண்ணூத்திரண்டரை டச்சு. நம்ம கொலுசை விட ஒசத்திதான், கண்ணு" என்றார். எங்கள் தொழிலில் வெள்ளியின் தரத்தை டச்சு என்றுதான் சொல்வோம். எவ்வளவு பளபளத்தாலும் அதைக் கேட்காமல் யாரும் விலை பேசமாட்டார்கள். மெருகைப் பார்த்து மயங்குகிறவனுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வியாபாரம் இல்லை. அப்படிப்பட்ட ஊர், பதக்கம் என்றதும் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு உயரத்தைக் கேட்காமல் விட்டதுதான் எனக்கு வியப்பு.

ரியோ பாராலிம்பிக் பதக்கத்தில் இன்னொரு நுட்பம் இருந்தது. அதற்குள்ளே சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளைப் போட்டிருந்தார்கள். ஆட்டினால் ஓசை வரும். வெண்கலத்துக்கு 16 குண்டு, வெள்ளிக்கு 20, தங்கத்துக்கு 28. பார்வையற்ற வீரர்கள் காதருகே வைத்து ஆட்டி, தாம் வாங்கியது எந்தப் பதக்கம் என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. கழுத்தில் போட்டதும் பல வீரர்கள் பதக்கத்தைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்த படங்கள் அப்போது வந்தன. இதைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் அன்றாடம் செய்வதே அதுதானே. முடித்த கொலுசை இரண்டு விரலால் தூக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, காதருகே ஒரு குலுக்குக் குலுக்குவார். ஒரு சலங்கை ஊமையாக இருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும், மூக்குப் பிடிக்குறட்டால் அதைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு வேறு ஒன்றைக் கோப்பார். "இருபத்தெட்டுக் குண்டுக்கும் இருபதுக்கும் ஓசையில வித்தியாசம் நல்லாவே தெரியும்" என்று அடித்துச் சொன்னார். உலகத்தின் அந்தக் கோடியில் யாரோ ஒருவர் இப்படி யோசித்திருக்கிறார் என்பதில் அவருக்கு வந்த மகிழ்ச்சி, பெரியவடகம்பட்டிக்குத் தங்கம் வந்தபோது வந்ததைவிடக் குறைவாக இருந்திருக்காது.

டோக்கியோவில் ஓசைக்குப் பதிலாகத் தொடுகையை வைத்தார்கள். பதக்கத்தின் விளிம்பில் தங்கத்துக்கு ஒரு குழி, வெள்ளிக்கு இரண்டு, வெண்கலத்துக்கு மூன்று. பாரிஸில் குழிகளுக்குப் பதிலாகக் கோடுகள். பிரெய்ல் எழுத்தும் உண்டு. பதக்கத்தின் நடுவில் ஈபெல் கோபுரத்திலிருந்து எடுத்த பழைய இரும்பைப் பதித்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் 18 கிராம். ஆகவே மாரியப்பன் வீட்டில் இன்று இருப்பவை குலுக்கினால் பேசும் ஒன்று, விளிம்பில் இரண்டு குழியுள்ள ஒன்று, மூன்று கோடும் பாரிஸ் இரும்பும் உள்ள ஒன்று. மூன்றும் ஒரே வரிசையில் வெவ்வேறு தொழிற்கூடங்கள் செய்த வேலைப்பாடு. இவற்றில் மூன்றாவதைக் குறைந்த சரக்கு என்று எந்த ஆசாரியும் சொல்லமாட்டார்.

டோக்கியோவின் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவரும் மாரியப்பன்தான். ஜப்பானுக்குப் போன விமானத்தில் உடன் பயணித்த ஒருவருக்குத் தொற்று இருந்தது தெரியவந்ததால் மாரியப்பனைத் தனிமைப்படுத்தினார்கள். அவருக்குப் பதிலாக டேக் சந்த் என்ற வீரர் கொடியை ஏந்திச் சென்றார். ஊரில் பலர் அன்று மாலை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், பாவம். தனிமையில் அடைபட்டிருந்து வெளியே வந்து, ஒரு வாரத்துக்குள் மழையில் தாண்டி வாங்கிய வெள்ளி அது.

பாரிஸ் முடிந்தபோது எல்லோருடைய கைபேசியிலும் சுற்றிய செய்தி ஒன்று: ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6 பதக்கம், பாராலிம்பிக்கில் 29, அவர்களைப் பார்த்து இவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று கீழே ஒரு வரி. எண்கள் சரிதான். அந்த 29-இல் 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம்; ரியோவில் நாம் வாங்கியது மொத்தமே நான்கு என்பதை வைத்துப் பார்த்தால் அது மலைக்க வைக்கும் வளர்ச்சி. ஆனால் ஒலிம்பிக்கோடு ஒப்பிட்டது சரியில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் 329 தங்கப் பதக்கப் போட்டிகள் இருந்தன, பாராலிம்பிக்கில் 549. குறைபாட்டின் வகைக்கு ஏற்பப் பிரிவுகள் கூடுகின்றன. போட்டியிடும் நாடுகளும் ஆட்களும் வேறு. ஒருவரைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவரைத் தட்டிவைக்கும் பெருமை, இரண்டு தரப்பையும் தெரியாதவர்களிடமிருந்துதான் வருகிறது. அதே செய்தியை அனுப்பிய நண்பர் ஒருவரிடம், பாரிஸில் தமிழ்நாட்டுக்குப் பாராலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். மாரியப்பன் என்றார், நிறுத்திக்கொண்டார். பாட்மிண்டனில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசன், வெண்கலம் வென்ற மனிஷா ராமதாஸ், இன்னொரு பிரிவில் வெண்கலம் வென்ற நித்யஸ்ரீ சிவன் என்ற மூன்று பெண்களின் பெயரும் அவருக்குப் புதிதாக இருந்தன. நித்யஸ்ரீ ஓசூர்க்காரர், நமக்குப் பக்கத்து மாவட்டத்தைத் தாண்டினால் அவர் ஊர்.

சேலத்துக்கு விளையாட்டு வீரரைக் கொண்டாடத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியா வென்ற டெஸ்ட் போட்டியில் ஆடிவிட்டு நடராஜன் சின்னப்பம்பட்டிக்குத் திரும்பியபோது, ரதத்தில் ஏற்றி, மேளதாளத்தோடு ஊரே கூடி அழைத்துவந்தது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்; அந்தக் கொண்டாட்டம் அவருக்குத் தகும். அவர் பிறகு சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் ஒன்றை அமைத்தார். கிரிக்கெட்டில் நமக்கு ஆட்டமும் தெரியும் என்பதுதான் வித்தியாசம். நடராஜன் ஒரு தொடரில் விக்கெட் எடுக்காவிட்டால், ஆடுகளம் எப்படி, எதிரே ஆடியவர் யார், யார்க்கர் சரியாக விழுந்ததா என்று தேநீர்க் கடையிலேயே நுணுக்கமாக அலசுவார்கள். அந்த அலசலில் கால் பங்கு பாரா தடகளத்துக்குக் கிடைத்தால் போதும்.

பாரிஸுக்குப் பிறகு நம் பகுதி மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களுக்குப் பாராட்டு விழா ஒன்று நடந்தது. நடத்தியவர்களின் நோக்கத்தில் குறை இல்லை. வசூலித்த பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மண்டபத்தின் வாசலில் மாரியப்பனின் பெரிய பதாகை, மேடையில் மூவர்ணத் தோரணம், ஒலிபெருக்கியில் தேசபக்திப் பாடல்கள். மேடைக்கு ஏற ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டு, ஆறு படி. மாவட்ட அளவில் குண்டு எறிதலில் முதலிடம் பெற்ற இளைஞர் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். அவர் பெயரை அழைத்ததும், நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போக நான்கு பேர் ஓடிவந்தார்கள். மூன்றாம் படியில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, அவர் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், கூட்டம் கைதட்டியது. சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், அதேபோல் தூக்கிக் கீழே இறக்கினார்கள். அவருடைய தோளின் வலுவைக் கொண்டாடக் கூடிய கூட்டத்துக்கு நடுவில் அவரைச் சாமான் தூக்குவதைப் போல் தூக்கியதை யாரும் தவறாக நினைக்கவில்லை. எத்தனை மீட்டர் எறிந்தார் என்பதை அறிவிப்பாளர் சொல்லவே இல்லை. விழா முடிந்து சாப்பிடும்போது நானே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்; சொல்லும்போது, போன ஆண்டைவிட எவ்வளவு கூடியது, அடுத்த ஆண்டு எவ்வளவு வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அந்த அமைப்பினர் அடுத்த ஆண்டும் விழா எடுப்பதாக இருக்கிறார்கள். செயலாளரைப் போய்ப் பார்த்து, மேடைக்குச் சாய்தளம் போட வேண்டும் என்றேன். பலகை அடித்துவிடலாம், அது பெரிய செலவா என்றார். பலகையைச் சும்மா சாய்த்துவைத்தால் போதாது, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி, மேடை மூன்றடி இருப்பதால் 36 அடி வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்று தாளில் வரைந்து காட்டினேன். மண்டபத்தில் அவ்வளவு இடம் கிடையாது என்றார். அப்படியானால் மேடையே வேண்டாம், விருந்தினர்கள் கீழே இறங்கிவந்து தரையில் வைத்துப் பாராட்டட்டும் என்றேன். அமைச்சர் வந்தால் அவரைத் தரையில் எப்படி நிறுத்துவது என்று யோசிக்கிறார். கமிட்டியில் வைத்துப் பேசிவிட்டுச் சொல்வதாக இருக்கிறார்.